வலிப்பு மருந்து: ஊர் திரும்பும்போதும் தவறக்கூடாது

உங்கள் குடும்பத்தில் யாராவது வலிப்புக்குக் குளிசை எடுக்கிறார்களா? மீள்குடியேறும் நாட்களில் அவர்கள்மேல் கூடுதல் கவனம் வையுங்கள். காணி துப்புரவாக்கல், கொட்டில் போடுதல், பதிவுக்கு அலைதல் என்று வேலை கூடும், நித்திரை குறையும், கிளினிக் நாளும் தவறிவிடும். மருந்து தவறினாலும் நித்திரை குறைந்தாலும் வலிப்பு திரும்ப வரலாம்.

புறப்படுமுன்

• ஊர் மாறுவதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். உங்கள் ஊருக்குக் கிட்டிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.
• கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, குளிசை ஆகியவற்றை லொறியில் ஏற்றும் சாமான்களுடன் போடாதீர்கள். நனையாதபடி பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் வைத்திருங்கள்.
• ஊர் சேர்ந்ததும், கையிலுள்ள குளிசை முடியுமுன் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் பதியுங்கள். அங்கு மருந்து இலவசம்.

தினமும்

• ஒரே நேரத்தில் எடுங்கள். சாப்பாட்டு நேரத்துடன் சேர்த்துக்கொண்டால் மறக்காது.
• ஒரு வேளை மறந்தால், நினைவு வந்தவுடன் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்து எடுக்க வேண்டாம்.
• புதிய இடத்தில் குளிசையின் நிறமோ அளவோ மாறலாம். உறையில் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பழையதுடன் ஒப்பிடுங்கள். வித்தியாசமிருந்தால் மருந்து தருபவரிடம் கேட்ட பின்பே எடுங்கள்.
• மதுபானம் வேண்டாம். வேறு வருத்தத்துக்கு மருந்து எடுக்கும்போது, வலிப்பு மருந்து எடுப்பதையும் சொல்லுங்கள்.
• பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

“வலிப்பு வந்து ஒரு வருடமாயிற்று, இனி எதற்குக் குளிசை?” என்று சிலர் கேட்பார்கள். குளிசை எடுப்பதால்தான் அது வராமல் இருக்கிறது. திடீரென நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதை வைத்தியரே தீர்மானிப்பார். அதையும் படிப்படியாகவே செய்வார்.

உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டியவை

தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் மஞ்சளாதல், எழுப்ப முடியாத மயக்கம், தள்ளாட்டம்.

பெண்களுக்கு

கர்ப்பமானால் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். சோடியம் வல்புரோவேட் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும். ஆகவே பிள்ளை பெற நினைக்கும்போதே வைத்தியரிடம் பேசுவது நல்லது. சில வலிப்பு மருந்துகள் கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்கும்.

வலிப்பு வந்தால்

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இறுகப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்போ திறப்போ கொடுப்பதால் பயனில்லை. வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தால், வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990.

திரும்பிவந்த காணிகளில் கட்டில்லாத கிணறுகள் இருக்கும். வலிப்புள்ளவர் தனியாகக் கிணற்றிலோ குளத்திலோ குளிக்க வேண்டாம். அடுப்படியிலும் ஒருவர் கூட இருக்கட்டும்.

வலிப்பு தொற்றாது, பேய் பிசாசின் வேலையுமல்ல. மருந்தை ஒழுங்காக எடுக்கும் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகலாம்.