கருவியும் நாதமும்

காரணமின்றிக் காரியமில்லை என்பது அறிவு நூலின் முதற்பாடம். இசையும் இதற்கு விலக்கன்று. ஆயினும் இசைக்கருவிகளைப் பற்றி வழங்கும் கூற்றுகளுட் பல, காரணம் காட்டப்படாமலே வாய்க்கு வாய் மாறி வருகின்றன. இக்காலத்தே கணிப்பொறியின் வாயிலாகப் பாட்டுக் கேட்போருட் சிலர், பாட்டைச் சேமிக்கும் வன்தட்டை மாற்றினால் குரல் இனிமை பெறும் என்றும், விலையுயர்ந்த கேபிளைப் பூட்டினால் வீணையின் நாதம் தெளியும் என்றும் உரைக்கின்றனர். இவற்றை நம்பிப் பெரும்பொருள் செலவிடுவோரும் உளர். இக்கூற்றுகள் மெய்யோ, அன்றோ என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய முதற் சான்று, காவிரி நாட்டினராகிய நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. அது தஞ்சாவூர் வீணை.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தாற் செய்யப்படுவது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா இதற்கு மிகுதியும் கொள்ளப்படுகிறது. குடம், தண்டி, யாளிமுகம் என்பன இதன் பேருறுப்புகள். தண்டியின்மேல் மெழுகிற் பதிக்கப்பெற்ற மெட்டுகள் 24. வாசிக்குந் தந்திகள் 4. தாளத்துக்கு உரியன 3. இவ்வமைப்பு 17 ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது என்பர். 2013 ஆம் ஆண்டில் இவ்வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வீணையைப் பற்றி இரண்டு கூற்றுகள் வழங்குகின்றன. ஒரே மரத்திற் குடைந்த ஏகாண்ட வீணை, உறுப்புகளை இணைத்துச் செய்த ஒட்டு வீணையினும் நாதத்திற் சிறந்தது என்பது ஒன்று. கோயில் மணியோசையைக் கேட்டு வளர்ந்த பலாவே உத்தமமானது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே தன்மையன அல்ல. தந்தியின் அதிர்வு குதிரையின் வழியே குடத்தின் மேற்பலகைக்கும், அங்கிருந்து வீணை முழுமைக்கும் பரவுகிறது. அவ்வழியில் ஒரு பொருத்து இருப்பின், அதிர்வு ஓரளவு வேறுபடக் கூடும். ஆகவே முதற்கூற்றுக்கு ஒரு வழி உண்டு. அது சோதித்து முடிவு செய்யத்தக்கது. மணியோசையோவெனில், மரத்தின் அடர்த்தியையோ உலர்ச்சியையோ இழையோட்டத்தையோ எவ்வாறு மாற்றிற்று என்று காட்டுவார் இலர். அது பக்தியின் அழகிய கற்பனையாகலாம். நாதத்தின் காரணம் ஆகாது.

நாதத்தின் உண்மைக் காரணம் ஒன்றைக் கண்டறிந்தவர், காவிரிக்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியில் 1888 இல் பிறந்த சர் சி. வி. இராமன் அவர்கள். ஒரு தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அவ்விடத்தைக் கணுவாகக் கொண்ட துணைச் சுரங்கள் எழா என்பது யங் என்னும் ஆங்கில அறிஞர் வகுத்த விதி. வீணையிலும் தம்புராவிலும் அச்சுரங்கள் எழுதலை இராமன் கண்டு, 1921 இல் எழுதி வெளியிட்டார். மேற்புறம் சற்றே வளைந்த குதிரையின்மேல் தந்தி பட்டும் விட்டும் அதிர்வதே இதன் காரணம். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகப்படும் ஜீவா நூலை எண்ணுக. அது சிறு பருத்தி நூலே. விலை என்று சொல்லத்தக்கதொன்றும் அதற்கில்லை. அதனை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் தம்புராவின் நாதம் மாறுகிறது. ஏன்? அந்நூல் அதிர்வு நிகழும் இடத்தையே தொடுகிறது. எனவே, ஒரு பொருள் ஒலியை மாற்றுமா என்று கேட்குங்கால், அதன் விலையைக் கேட்கவேண்டுவதில்லை. அது ஒலியை எவ்விடத்தில் தொடுகிறது என்றே கேட்டல் வேண்டும்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1982 இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டில், ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. கணிப்பொறியில் இருப்பதும் இத்தகைய எண் வரிசையே. நாதம் அங்கே இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இத்தனை கலம் நெல் அளக்க என்று கூறுகின்றன. அவற்றைப் படியெடுத்து அச்சிட்டோர் நல்ல தாளில் அச்சிட்டாலும், மட்டமான தாளில் அச்சிட்டாலும், நெல் ஒரு நாழியும் கூடுவதில்லை; குறைவதுமில்லை. எண் பிழையின்றிப் பெயர்ந்ததா என்பதொன்றே கேள்வி. அவ்வாறே ஒரு வன்தட்டினின்று மற்றொன்றுக்கு எண்கள் பிழையின்றிப் பெயர்ந்தனவா என்பதைக் கணிப்பொறியே ஒத்துப் பார்த்துச் சொல்லும். எண்கள் ஒன்றாயின் பாட்டும் ஒன்றே.

எண்கள் மாறாவாயினும் அவை வந்துசேரும் காலம் முன்பின்னாகுமே எனச் சிலர் தடை எழுப்புவர். வாய்க்கால் நீர் விட்டு விட்டு வரினும், ஏரியில் தேங்கியபின் மதகின் வழியே சீராகப் பாய்கிறதன்றோ? அங்ஙனமே எண்கள் முதலில் ஓரிடத்தில் தேங்கி, எண்ணை மின்னலையாக மாற்றும் உறுப்பின் கடிகாரம் விடும் முறைப்படியே வெளிப்படுகின்றன.

இதனாற் கணிப்பொறியின் எவ்வுறுப்பும் ஒலியைத் தீண்டாது என்று துணிதலும் தவறாம். எண்ணை மின்னலையாக மாற்றும் உறுப்பு, பெட்டிக்குள்ளிருக்கும் ஏனை மின்சுற்றுகளின் இரைச்சலை ஏற்பின், அவ்விரைச்சல் செவிக்கு எட்டும். கோப்பின் அளவைப் பெரிதும் சுருக்கினால் எண்களே மாறுதலின், ஒலியும் மாறும். எல்லாவற்றினும் மேலாக ஒலிபெருக்கியும், அது வைக்கப்பட்ட அறையும் நாதத்தைப் பெரிதும் வேறுபடுத்தும். இவையனைத்தும் ஜீவா நூலைப்போல் ஒலியைத் தொடுவன.

“எம் செவியே சான்று” என்பாரை யாம் பொய்யர் என்று இகழ்தல் ஆகாது. அவர் வேறுபாட்டை உணர்ந்தது மெய்யே. ஆயின், விலையை அறிந்த மனம் செவிக்கு முன்னே தீர்ப்பளித்து விடுகிறது. 2012 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 21 வயலின் வித்துவான்கள் கருங்கண்ணாடி அணிந்து 6 வயலின்களை வாசித்தனர். மிகுதியும் விரும்பப்பட்டது புதிய வயலின் ஒன்று. மிகக் குறைவாக விரும்பப்பட்டது, உலகப் புகழ்பெற்ற ஸ்ட்ராடிவேரியின் பழைய வயலின் ஒன்று! 2007 இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நுண்ணிய ஒலிப்பதிவையும், அதனையே குறுந்தகட்டின் அளவுக்குக் குறைத்ததையும் வேறு பிரித்தறியுமாறு கேட்டனர். 554 முறையில் 276 முறையே விடை சரியாயிற்று. காசைச் சுண்டிச் சொல்லியிருப்பினும் ஏறக்குறைய அவ்வளவே வரும்.

மாணவ நண்பர்கள் இச்சோதனையைத் தாமே செய்யலாம். இரண்டு கேபிள்களை எடுத்து, ஒருவர் திரைக்குப் பின்னே நின்று காசைச் சுண்டி, வந்தபடி மாற்றுக. கேட்பவர் எது என்று எழுதிக்கொள்க. ஒலியின் உரப்பு இரண்டிலும் ஒத்திருத்தல் வேண்டும். சிறிது உரத்தது இனியதுபோல் மயக்கும். 10 முறை செய்க. வெறும் ஊகத்தாலேயே 9 அல்லது 10 சரியாக வருவது 1,024 இல் 11 பங்கே. ஆதலின் ஒருவர் 9 பெற்றால் மீண்டும் சோதிக்க. மீண்டும் பெற்றால் அவர் கூற்றை மதித்துக் காரணம் தேடுக. 5 அல்லது 6 பெற்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்க.

இது வீண் வழக்கன்று. குறுவையோ சம்பாவோ விற்று மகனைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் நம் நாட்டிற் பல. பல மூட்டை நெல்லின் விலையைப் பயனற்றதொரு கேபிளில் இழப்பது சிறு தீங்கன்று. நம் வீணைத் தொழிலாளருக்கும் இதனால் ஒரு நியாயம் உண்டு. நாதம் மணியோசையினால் வந்தது என்று சொல்லுங்கால், உளியாலும் செவியாலும் அவர் காட்டிய திறம் மறைக்கப்படுகிறது. மெழுகிலே மெட்டை வைத்துச் சுரம் பார்த்துச் சிறிது சிறிதாக நகர்த்தும் அவர் கையே காரணம். காரணத்தை உரிய இடத்திற் கண்டால், புகழும் உரியவரைச் சேரும். பொருளும் உரிய வழியிற் செல்லும்.