தோலில் படை, மனத்தில் பாரம்



நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அப்படி ஒரு தம்பி, கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்த இடத்தில் என்னைப் பார்க்க வந்தார். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. முழங்கையிலும் தலையிலும் வெள்ளைச் செதிலாகப் படை.

"தேக்காவுல முடி வெட்டப் போனேங்கய்யா. தலையைப் பார்த்துட்டு, வேற கடை பாருன்னுட்டாங்க. ரூமுல என் கிளாஸைத் தனியா வச்சுட்டாங்க. இப்ப நான் யாரோடவும் உட்கார்ந்து சாப்பிடறதில்ல" என்றார். அரிப்பைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னார்.

இந்த நோய்க்குப் பெயர் சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள்.

இது ஒட்டுமா? ஒட்டவே ஒட்டாது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தவறுதலாகத் தோலைத் தூண்டிவிடுகிறது. சுமார் ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய மேல்தோல், சில நாளிலேயே வளர்ந்து குவிகிறது. அதுதான் செதில். தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது.

இது குஷ்டமும் அல்ல. முற்காலத்தில் வைத்தியர்களே இரண்டையும் ஒன்றாக நினைத்தார்கள். 1841-இல் வியன்னா டாக்டர் ஹெப்ரா இவை வேறு வேறு என்று தெளிவுபடுத்தினார். ஆனால் அந்தப் பழைய பயம் நம்மிடம் இன்னும் போகவில்லை. (மரத்துப்போன தேமல் இருந்தால் உடனே காட்டுங்கள். குஷ்டமும் இன்று மருந்தால் குணமாகும்.)

கவலை படையைக் கிளப்பும். படை கவலையைக் கிளப்பும். தூக்கம் கெடும். சிலர் குடியில் இறங்குவார்கள். குடியும் சிகரெட்டும் நோயை இன்னும் மோசமாக்கும். மனச்சோர்வு இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். ஒதுக்கிவைப்பதாலும் இந்நோயாளிகள் வீணாகத் துன்பப்படுகிறார்கள் என்று 2014-இல் உலகச் சுகாதாரப் பேரவையே தீர்மானத்தில் சொன்னது.

"மனசு எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். கையுறை போடாமல் அவர் முழங்கையைப் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவுதான், அழுதுவிட்டார். மனநல டாக்டர் என்றால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்பவர்கள்கூட, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மனம் திறப்பார்கள். ஆதரவு வேண்டாம் என்பதல்ல, கேட்க வெட்கம்.

நினைவில் வையுங்கள்:

1. முற்றிலும் போக்க மருந்து இல்லை. ஆனால் களிம்பு, ஒளிச் சிகிச்சை, மாத்திரை, ஊசியால் நன்றாக அடக்கலாம். சிங்கப்பூரில் மண்டலே சாலையில் 1988 முதல் தேசியத் தோல் நிலையம் இருக்கிறது.

2. பெயர் தெரியாத மாத்திரை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, திடீரென்று நிறுத்தினால் படை உடம்பெல்லாம் பரவலாம். டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தால் வாரம் ஒரு நாள்தான். தினம் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

3. மூட்டு வலி, காலையில் விறைப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கமின்மையையும் மனக்கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

4. வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள். சிங்கப்பூரில் 1969 முதல் இயங்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பை 1767 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. அவருடைய தட்டைத் தனியாக வைக்காதீர்கள். "என்ன சாப்பிட்டே, என்ன பாவம் செஞ்சே?" என்று கேட்காதீர்கள். "ராத்திரி தூங்கினியாப்பா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.