84 நாள் சாட்சியம்

முடி கொட்டுவதற்கு இதுதான் கைகண்ட மருந்து என்று ஒருவர் சொல்ல, கேட்டவர்கள் மற்றவர்களிடம் சொல்ல, சில மாதங்களில் ஊரே ஒரே அபிப்பிராயத்துக்கு வந்துவிடுகிற வழக்கம் அந்தமானுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும், சென்னைக்கும் நமக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடப்பதாலும், வடக்கே டிக்லிப்பூரிலும் தெற்கே லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலும் இருப்பவர்களுக்குத் தலைநகரான ஸ்ரீ விஜயபுரமே தொலைதூரமாக இருப்பதாலும், ஒரு தோல் வைத்தியரைக் கண்டு விசாரிப்பதைக் காட்டிலும் கைபேசியில் பணம் கட்டி மெயின்லேண்டிலிருந்து ஒரு குப்பியைத் தருவித்துக்கொள்வது இங்கே எளிதாகத் தோன்றுகிறது. அப்படி வருகிற குப்பிகளில் இப்போது பிரசித்தமானது, ரெடென்சில் என்ற சேர்மானம் கலந்த சீரம். ரப்பர் முனை வைத்த சொட்டுக்குழலும், அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரு சதவிகித எண்ணுமாக, பார்த்த மாத்திரத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து நேரே வந்தது போன்ற தோரணை அதற்கு உண்டு.

இது விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்டது என்பதே மக்களின் முதல் நம்பிக்கை. நிரூபணம் என்ற பெயரில் நம் முன் வைக்கப்படுவது என்னவென்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். ரெடென்சிலை உருவாக்கியது ஸ்விட்சர்லாந்தின் இண்டுகெம் நிறுவனம்; அது பின்னர் ஜிவோடான் என்னும் பெரிய நிறுவனத்தின் கைக்குச் சென்றது. விளம்பரங்கள் இன்றுவரை எடுத்துக்காட்டுகிற ஆராய்ச்சி, அந்தப் பொருளை விற்கிறவர்களே 26 ஆண்களை வைத்து 84 நாள்கள் நடத்தியது. மனிதத் தலையில் ஒரு முடி இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்ந்திருந்து, அதன் பின்னரே உதிர்கிறது. ஆகவே 84 நாள் என்பது அந்த ஓய்வுப் பருவம் ஒன்றின் அளவே அன்றி, வழுக்கை நின்றதா தொடர்ந்ததா என்று தீர்ப்புச் சொல்லப் போதுமான காலம் ஆகாது. பிற்காலத்தில், 2019இல், துருக்கி நாட்டு வைத்தியர்கள் வழுக்கைக்குப் பூசும் மருந்தாகிய மினாக்சிடிலோடு ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள் என்பதையும், அதன் முடிவு சீரத்துக்கே சாதகமாயிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் சோதித்தது ரெடென்சில், கேபிக்சில், புரோகேபில் என்ற மூன்றின் கலவையை. எனவே ரெடென்சில் தனித்து நின்று என்ன செய்தது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

முடியை எண்ணுவது எப்படி என்று அறிந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் அவசியம் எளிதில் விளங்கும். தலையில் ஒரு சிறு வட்டத்தைத் தேர்ந்து, அங்கே முடியைக் கத்தரித்து, மாதங்கள் கழிந்த பின்னும் அதே இடத்துக்குத் திரும்பி வருவதற்காகப் பச்சை குத்துவதுபோல் ஒரு புள்ளி வைத்து, பெரிதாக்கும் கண்ணாடி பொருத்திய காமிராவால் படமெடுத்து, ஒவ்வொரு முடியாக எண்ணுகிறார்கள். 2002இல் வெளியான மினாக்சிடில் ஆராய்ச்சி ஒன்றில் 393 ஆண்களை இவ்வகையில் 48 வாரங்கள் கவனித்தார்கள். ஐந்து சதவிகித மருந்து பூசியவர்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரி 18.6 முடிகளும், இரண்டு சதவிகிதம் பூசியவர்களுக்கு 12.7 முடிகளும் கூடின. மருந்தே இல்லாத வெறுந்திரவம் பூசியவர்களுக்கும் 3.9 கூடியது! அந்த 3.9 என்ற சிறிய எண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்றும் கலவாத திரவத்தைப் பூசிக்கொண்ட மனிதனும், தலையைத் தடவிப் பார்த்து, எனக்கு முடி வளர்ந்திருக்கிறது என்று மனமறிந்து சத்தியம் செய்யக்கூடும், அவன் பொய்யனல்லன். அவனுடைய சொல்லையும் மருந்தின் குணத்தையும் பிரித்துக் காட்டுவதற்கே பெருந்தொகையினரும் நீண்ட காலமும் வேண்டியிருக்கின்றன. ஃபினாஸ்டரைடு மாத்திரை 1,553 ஆண்களிடம் சோதிக்கப்பட்ட பிறகே வழுக்கைக்கு மருந்தாக ஏற்கப்பட்டது.

அப்படியானால் சர்க்கார் இதை எப்படி விற்க விடுகிறது என்று பலர் கேட்கிறார்கள்; சர்க்கார் அனுமதித்ததனாலேயே பலன் உறுதி என்றும் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். இந்த எண்ணமே எல்லாவற்றிலும் பெரிய பிழை. 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், உடலின் மீது தேய்க்கவோ ஊற்றவோ தெளிக்கவோ பயன்பட்டு, தூய்மையையும் தோற்றத்தையும் கருதியதாயுள்ள பொருளை அழகுசாதனம் என்ற வகுப்பில் வைக்கிறது. புதிய மருந்து நோயைக் குணப்படுத்தும் என்று காட்டியாக வேண்டும்; அழகுசாதனத்திடம் அந்தப் பிரமாணம் கேட்கப்படுவதில்லை. அச்சட்டத்தின் கீழ் அமைந்த 1945ஆம் ஆண்டு விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்றுண்டு. எந்த மருந்தும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நிலைகளின் பட்டியலாகிய அதில் வழுக்கையும் இருக்கிறது. புது முடி முளைக்கச் செய்தலும் இருக்கிறது. மருந்துக்கே மறுக்கப்பட்ட அந்த வாக்குறுதியை, மருந்தல்ல என்று பதிவாகியுள்ள ஒரு பொருள் வாங்குகிறவனின் மனத்தில் ஏற்றிவிடுவது நியாயமாகாது. சட்டத்துக்கு முன் அழகுசாதனமாகவும், துயரப்படுகிற மனிதனுக்கு முன் சிகிச்சையாகவும் அது நிற்கிறது. என் ஆட்சேபம் முழுவதும் இந்த இடத்தில்தான்.

அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பலித்ததே என்கிறார்கள். டெங்குவோ டைபாய்டோ கடுமையாக வந்து போனாலும், பிரசவமானாலும், முடிவேர்களில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, காய்ச்சலையே மறந்திருக்கும் வேளையில், சீப்பு நிறைய முடி வருகிறது. அச்சத்தில் சீரம் வாங்குகிறார்கள். அந்த உதிர்தல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் இயல்புடையது. அடங்கியதன் புகழோ குப்பியைச் சேர்கிறது.

தீவின் தண்ணீர்தான் முடியைக் கொட்டவைக்கிறது என்பதும் பரவலான நம்பிக்கை. ஸ்ரீ விஜயபுரத்துக்குக் குடிநீர் தருகிற தனிக்காரி அணை தேக்கி வைப்பது மழைநீரை. உப்புச் செறிந்த கடின நீர் என்றே வைத்துக்கொண்டாலும், அத்தகைய நீரைப் பற்றிக் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனையினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வடிநீரில் நனைத்த முடிக்கும் கடின நீரில் நனைத்த முடிக்கும் இழுவிசையில் குறிப்பிடத்தக்க வித்தியாசத்தை அவர்கள் காணவில்லை. நம் தேங்காயெண்ணெயைப் பொறுத்தவரையில், அது முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் காட்டியவர்கள் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களே. அது தண்டைக் காப்பது. வேரை முளைக்கச் செய்வதன்று.

முடி கொட்டுகிறவர் முதலில் அறிய வேண்டியது எந்த வகையில் கொட்டுகிறது என்பதை. பெண்களிடம் இரத்தச் சோகையும் தைராய்டுக் குறையும் அடிக்கடி காரணமாகின்றன; இவற்றை ஸ்ரீ விஜயபுரத்தின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையில் எளிய இரத்தப் பரிசோதனையால் கண்டுகொள்ளலாம். வட்ட வட்டமாகச் சொட்டை விழுவது வேறு நோய். குழந்தைகளின் தலையில் செதிலோடு உதிர்வது பெரும்பாலும் படை. நெற்றியோரமும் உச்சியும் மெலிந்துகொண்டே போகும் பரம்பரை வழுக்கையில், முடிவேர்கள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகின்றன. அங்கே குப்பி மாற்றிக் குப்பியாகக் கழிகிற காலம் திரும்பக் கிடைப்பதில்லை. வைத்தியரிடம் போகும்போது வீட்டிலுள்ள சீரத்தையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அட்டையின் ஓரத்துச் சிறிய எழுத்துப் பட்டியலில் மினாக்சிடில் இருக்குமானால், அது இரத்த அழுத்தத்துக்கென்று முதலில் வந்த மருந்தாகையால், கர்ப்பமாயிருப்பவர்களும் இருதய நோயுள்ளவர்களும் அவரைக் கேட்காமல் அதைத் தொடரக் கூடாது.