கூடாரத்திற்கு அப்பால்

பின்வரும் கட்டுரையை வாசித்து, அதனையொட்டி வரும் வினாக்களுக்கு விடை காண்க.

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி வருவோர், கேமரன் மலையில் முதலில் காணும் ஊர்களுள் ஒன்று கம்போங் ராஜா. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். சற்றுத் தள்ளித் தேயிலைச் சரிவுகள். இரவில் குளிர் 15 பாகை செல்சியஸ் அளவிற்கு இறங்கும். பள்ளி விடுமுறை தொடங்கியதும், சமவெளி வெப்பத்திலிருந்து தப்பிக் கூடாரமும் கம்பளியுமாக இம்மலைக்கு வரும் குடும்பங்கள் பல.

இப்படியொரு முகாமை எண்ணிப் பாருங்கள். இரவு மணி பத்து. ஒரு கூடாரத்தில் சிறு பிள்ளைகள் உறங்கிவிட்டனர். அப்போது மற்றொரு குழு வந்து சேர்கிறது. மகிழுந்தின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்விளக்கு பக்கத்துக் கூடாரத்தின் மீது விழுகிறது. ஒலிபெருக்கியில் பாட்டு முழங்குகிறது. வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். வாரம் முழுவதும் உழைத்துவிட்டு ஓய்வு தேடி வந்தவர்கள்தாம். எனினும், மெல்லிய கூடாரத் துணியை வீட்டுச் சுவர்போல் நினைத்துவிட்டார்கள்.

பக்கத்துக் கூடாரத்துத் தந்தை எழுந்து வந்து, “அண்ணே, பிள்ளைங்க தூங்குறாங்க. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சிக்கிறீங்களா?” என்று கேட்கிறார். “மன்னிச்சிக்குங்க அண்ணே, கவனிக்கல” என்று சொல்லி இவர்கள் பாட்டை நிறுத்துகிறார்கள். சினமின்றிக் கேட்டதும் நன்று; மறுப்பின்றி ஏற்றதும் நன்று. ஆனால், அவர் வந்து கேட்டதால்தான் இவர்களுக்குத் தெரிந்தது. வந்து கேட்க முடியாதவர்களை யார் நினைப்பது?

திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘கண்ணோட்டம்’. பிறர் மீது இரக்கத்தோடு செல்லும் பார்வையே கண்ணோட்டம். முகாமிடும் பண்பின் அடிப்படையும் இதுதான். நம் கண்ணெதிரே இருப்பவரை மட்டுமன்றி, கண்ணுக்கு எட்டாதவரையும் எண்ணி நடக்க வேண்டும்.

சரிவில் உறங்குவோர்

பகலைவிட இரவில் ஓசை வெகுதொலைவு செல்லும். தெளிந்த இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. அதனால் தரையையொட்டிய காற்று, மேலேயுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். அந்நிலையில், மேலெழும் ஒலியலைகள் வளைந்து மீண்டும் தரையை நோக்கி வருகின்றன. போக்குவரத்து இரைச்சலும் அடங்கிவிடுவதால், முகாமில் எழும் பாட்டு பள்ளத்தாக்கின் மறுபக்கத்திலும் கேட்கும்.

அங்கே இருப்பவர்கள் காலையில் வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள். போ நிறுவனம் 1929-இல் தொடங்கப்பட்ட காலம் முதல் கேமரன் மலையின் தேயிலைத் தொழிலில் தமிழர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அவ்வேலையைச் செய்கின்றனர். நமக்கு விடுமுறையாக இருக்கும் நாள் அவர்களுக்கு வேலை நாளாக இருக்கலாம்.

படம் எடுப்பதற்காகத் தேயிலைச் செடிகளின் மீது ஏறி நிற்போரும் உளர். கொழுந்து எடுப்பதற்கு ஏற்றவாறு பல ஆண்டுகள் கவாத்துச் செய்து சமமாக வளர்க்கப்பட்ட செடி, ஒரு மிதியில் கிளை முறியக்கூடும். அச்செடிகளுக்கிடையே வீசப்படும் கண்ணாடிப் புட்டி உடைந்தால், மறுநாள் அவ்வழியே நடக்கும் தொழிலாளியின் காலைக் கிழிக்கும். அதனை எறிந்தவர் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்.

ஓடையின் கீழே வாழ்வோர்

கம்போங் ராஜா பகுதியின் ஓடைகள் தெலோம் ஆற்றில் சேர்கின்றன. அவ்வாற்று நீரின் ஒரு பகுதி, சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் ஆற்றுப் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டு, மின்னுற்பத்திக்காக ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது. எஞ்சிய நீர், செமாய் பூர்வக்குடியினர் வாழும் பகுதிகளைக் கடந்து ஜெலாய் ஆற்றிலும், பின்னர்ப் பகாங் ஆற்றிலும் கலக்கிறது. மலையில் ஓடையில் கழுவிய எண்ணெய்ச் சட்டியின் அழுக்கும், நீரோடு போகட்டும் என்று விட்ட நெகிழிப்பையும் மறைந்துபோவதில்லை. கீழே வாழ்பவரிடம் போய்ச் சேருகின்றன.

ஆகவே, பாத்திரம் கழுவுவதையும் குளிப்பதையும் ஓடையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளியே செய்ய வேண்டும். இயற்கையில் மட்கும் சவர்க்காரத்திற்கும் இதே விதிதான். கழிப்பறை இல்லாத இடத்தில், அதே தொலைவில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டிப் பயன்படுத்தி, மண்ணால் மூடிவிட வேண்டும்.

மிச்ச உணவை மரத்தடியில் கொட்டினால் எலிகள் பெருகும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்தும் ஈரமண்ணிலிருந்தும் எலிக்காய்ச்சல் பரவுகிறது. மலேசியாவில் இந்நோய் கண்டவுடன் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2010 முதல் கட்டாயமாகும்.

நம்மைத் தேடி வருவோர்

2022 டிசம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில், சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே முகாம் ஒன்றின் மீது நிலம் சரிந்தது. 31 பேர் உயிரிழந்தனர். உறங்கிக்கொண்டிருந்த அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆயினும், மலைச்சரிவில் தங்குவது எத்தகைய ஆபத்தானது என்பதை அந்நிகழ்வு நாட்டிற்கு உணர்த்தியது. மீட்புக் குழுவினர் மீண்டும் மண் சரியலாம் என்ற அச்சத்திற்கிடையே ஒன்பது நாள் தேடினர்.

‘நுழையாதே’ என்ற பலகையைத் தாண்டிச் செல்வோரும், மழைக்காலத்தில் மூடப்பட்ட இடத்தில் கூடாரம் அடிப்போரும், “என் உயிர், என் விருப்பம்” என்று வாதிடலாம். ஆனால், அவர்களைத் தேடி இரவில் சேற்றில் இறங்குவது வேறொருவருடைய தந்தை, வேறொருவருடைய மகள். உரிமம் பெற்ற முகாமைத் தேர்ந்தெடுப்பதும், பொறுப்பாளர் வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுவதும் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

நாளை வருவோர்

நாம் கூடாரத்தைப் பிரித்த இடத்தில் நாளை இன்னொரு குடும்பம் கூடாரம் அடிக்கும். நெருப்பை நீரூற்றி, சாம்பல் தொட்டால் சுடாத அளவிற்கு அணைத்தோமா? கயிறு, மெழுகுவர்த்தித் துண்டு, ஆரஞ்சுத்தோல் ஆகியவற்றையும் பொறுக்கினோமா? கொண்டுவந்ததை எல்லாம் திரும்பக் கொண்டுசெல்வதே நல்ல முகாமின் இறுதிப் பணி.

குப்பை வீசுவோரைச் சட்டமும் விடுவதில்லை. 2026 ஜனவரி முதல், பகாங் உள்ளிட்ட சில மாநிலங்களில், பொது இடத்தில் குப்பை வீசிய குற்றத்திற்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமும் 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் விதிக்கப்படலாம். ஆனால், நள்ளிரவில் மலைச்சரிவில் அதிகாரி எவரும் நிற்கமாட்டார். அங்கே நம்மைக் கட்டுப்படுத்துவது நம் பண்பு மட்டுமே. ‘நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல்’ என்னும் ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாட்டை நாம் பள்ளியில் பலர் முன்னிலையில் ஒப்புவிக்கிறோம். யாரும் பார்க்காத இடத்தில்தான் அது நமக்கு உண்மையில் வந்திருக்கிறதா என்பது தெரியும்.

அருஞ்சொற்பொருள்

கண்ணோட்டம் – பிறரிடம் காட்டும் இரக்கம்
கவாத்து – செடியின் கிளைகளை வெட்டிச் சீராக்குதல்
கொழுந்து – இளந்தளிர்
பூர்வக்குடியினர் – ஒரு நிலத்தின் தொன்மையான குடிகள்

சிந்தித்து விடையளித்திடுக

1. இரவில் ஓசை நெடுந்தொலைவு செல்வதற்கான காரணங்களைக் கூறுக.
2. ஓடையில் பாத்திரம் கழுவுவதால் யார் யார் பாதிக்கப்படுகின்றனர்? விளக்குக.
3. “என் உயிர், என் விருப்பம்” என்ற வாதத்தைக் கட்டுரையாசிரியர் எவ்வாறு மறுக்கிறார்? அதனை நீ ஏற்கிறாயா? காரணம் தருக.
4. உன் பக்கத்துக் கூடாரத்தார் நள்ளிரவில் இரைச்சல் எழுப்புகின்றனர். அவர்களிடம் நீ எவ்வாறு பேசுவாய்? உரையாடலாக எழுதுக.