சரக்கொன்றை வைப்போம், மஞ்சள் கொன்றை வேண்டாம்

தோட்டத்தில் அழகுக்கு ஒரு பூமரம் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது சரக்கொன்றைதான். போடி அடிவார வெயிலுக்கு ஏற்ற நம்ம மரம். ஏலக்காய் விளையும் மேல்மலைக் குளிருக்குச் சரிப்படாது. போடிமெட்டு ஏறிட்டா வேற மரம் பாருங்க.

கன்று வாங்கும்போது கவனம். மஞ்சள் கொன்றை (சென்னா ஸ்பெக்டாபிலிஸ்) என்று இன்னொன்று இருக்கு. தென் அமெரிக்கப் பக்கமிருந்து அழகுக்காக வந்தது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுக்குள் பரவி, மற்ற செடிகளை எழவிடாமல் அடைச்சிடுச்சு. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வங்கியில் வட்டிக்கு வட்டி கணக்குப் போட்டவன் சொல்றேன், அந்தக் கடன் நமக்கு வேண்டாம். சரக்கொன்றைப் பூ சரமாகத் தொங்கும். மற்றது நிமிர்ந்து நிற்கும். கன்றில் பூ இருக்காதே, இலையைப் பாருங்க: சரக்கொன்றைக்கு ஓர் ஈர்க்கில் நாலைந்து ஜோடி பெரிய இலை, மற்றதுக்குப் பத்து ஜோடிக்கும் மேல் சின்ன இலை.

விதையிலிருந்தே வளர்ப்பது நல்லது. கறுத்து முற்றிய காயை உடைத்து விதை எடுங்க. தோல் கெட்டி. ஓரத்தைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து ஓர் இரவு ஊறப்போட்டு, உப்பினதை மட்டும் பையில் ஊன்றுங்க. ஐப்பசி மழையோடு, தண்ணீர் தேங்காத இடத்தில் நடலாம். பூக்கச் சில வருஷம் ஆகும்.

அவரைக் குடும்பம்தான், ஆனாலும் வேர்முடிச்சு வராது. தழைச்சத்துக்குக் கிளைரிசிடியாவைத் தனியாக வையுங்க. இலையைப் பச்சைப் புழு தின்னும். அது வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் பிள்ளை. வேப்பங்கொட்டைக் கரைசலைத் தூக்கிட்டு ஓடாதீங்க, மரம் மறுபடி தழைக்கும்.