பூட்டிய கதவுக்குள் ஒரு போட்டி

ஜான் மெக்லென்டன் ஓர் அமெரிக்கர். 1933இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே அங்கே அவருக்கு ஆசிரியர்! ஆனால், கறுப்பின மாணவர்களைப் பல்கலைக்கழக அணியில் சேர்க்கவில்லை.

"அப்போ அவர் என்ன செஞ்சார், டீச்சர்?" என்று கயல் கேட்டாள்.

"விளையாடத்தானே விடல? மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கத்துக்கிட்டார்."

பிறகு, டர்ஹாம் நகரில் கறுப்பின மாணவர்கள் படித்த ஒரு சிறிய கல்லூரியில் பயிற்சியாளர் ஆனார். அவருடைய அணி ஓடிக்கொண்டே இருக்கும். பந்து கிடைத்ததும், எதிரணி திரும்புவதற்குள் கூடையை நோக்கிப் பாயும்.

அந்த ஊரில் வெள்ளையரோடு கறுப்பினத்தவர் சேர்ந்து விளையாடத் தடை இருந்தது. 1944 மார்ச் 12, ஞாயிறு காலை. பலரும் தேவாலயத்தில் இருந்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் வெள்ளை மருத்துவ மாணவர்கள் இரகசியமாக வந்தார்கள். கதவைப் பூட்டிவிட்டு ஆடினார்கள்.

"யாரு ஜெயிச்சாங்க?"

"மெக்லென்டன் அணிதான், 88–44! அதோட விடல. ரெண்டு அணியையும் கலந்து இன்னொரு ஆட்டம் போட்டாங்க!"

இந்தப் போட்டி பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. பின்னர் டென்னசி மாநிலக் கல்லூரி ஒன்றுக்கு மெக்லென்டன் பயிற்சி அளித்தார். சிறிய கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் அந்த அணி 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது.

பேசுவோம்: ரெண்டாவது ஆட்டத்துல ஏன் அணிகளைக் கலந்தாங்க? உங்க பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க.