எச்சரிக்கைப் பலகை எழுதும் முறை

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், நீருக்கு அடியில் இருப்பவருக்கும் படகில் இருப்பவருக்கும் இடையே இருந்த தொடர்பு ஒரு கயிறுதான். கல்லின் பாரத்தால் குளியாள் பாரில் இறங்குவார். சிப்பிகளைப் பைவலையில் சேர்ப்பார். மூச்சு முட்டுமுன் கயிற்றைச் சுண்டுவார். மேலே கயிறு பிடித்திருப்பவர் அதனை உணர்ந்த கணமே இழுத்தாக வேண்டும். தம் மைத்துனரையே கயிறு பிடிக்க வைப்பர் என்பது இக்கடற்கரையில் இன்றும் வழங்கும் பேச்சு. சகோதரியின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குவதால் அவர் கண்ணயரமாட்டார் என்பது கருத்து. 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் கடற்கரைக் கிராமங்களில் அறிவிப்பு எழுதும் ஊராட்சி ஊழியர்கள் அக்கயிற்றினிடம் கற்கவேண்டியது உண்டு. குறிப்பு ஒன்றே ஒன்று. அதன் பொருள் முன்கூட்டியே இருவருக்கும் தெரியும். மறுமுனையில் ஒருவர் விழித்திருக்கிறார். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் குளியாள் கரையேறமாட்டார்.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை எடுத்துக்கொள்வோம். பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள் என இக்குறிகள் நெடுங்காலமாக வழக்கிலுள்ளன. 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. ‘மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தி வந்தவுடன் அதனை அப்படியே பலகையில் எழுதிவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுவோர் பலர். எண் ஏறஏற ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது என்பதே பொதுமக்களின் எண்ணம். அது முழு உண்மையன்று.

1, 2 ஆகிய எண்கள் தொலைக்கடலில் உள்ள காற்றழுத்த மண்டலத்தையும் புயலையும் முறையே குறிப்பவை. துறைமுகத்தைவிட்டுப் புறப்படும் கப்பல்களுக்கே அவை முதன்மையானவை. 3, 4 ஆகியவை உள்ளூர் எச்சரிக்கைகள். 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அபாய வகையைச் சேர்ந்தவை. புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுச் செல்லுமா, வலப்புறம் விட்டுச் செல்லுமா, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமா என்பதே அவற்றிடையேயுள்ள வேற்றுமை. 8, 9, 10 ஆகியவை கடும்புயலுக்கு அதே வரிசையில் அமைந்த பேரபாயக் குறிகள். பதினோராம் எண்ணோ புயலின் வலிமையைச் சொல்வதே இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மிக மோசமாகலாம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். ஆகவே, எண் கப்பல் தலைவருக்குத் தெளிவான மொழி. தோணித் தண்டலுக்கும் பழக்கமானதாக இருக்கலாம். கரையில் வலை உலர்த்தும் குடும்பத்திற்கு அது வெறும் எண்ணே.

சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை யாவும் வானிலைத் துறையின் வகைப்பாட்டில் ‘அதிகனமழை’ எனப்படும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் சொல் ஒன்றுதான்! வகைப்பாட்டை நாம் குறைகூறவில்லை. அது நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்டது. எந்தக் குளக்கரை பலவீனமானது, எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று அறிந்தவர் உள்ளூர் ஊழியரே. பொதுச்சொல்லை ஊர்ச்சொல்லாக்கும் பொறுப்பும் அவரையே சாரும்.

ஒரு மாதிரி காண்போம். அலுவலகத்திற்கு வரும் செய்தி பெரும்பாலும் இவ்வாறு அமையும்: ‘தென்மேற்கு வங்கக்கடலில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காரணமாக மன்னார் வளைகுடாப் பகுதிகளில் சூறாவளிக் காற்று வீசக்கூடும் என்பதால் மீனவர்கள் மேற்கூறிய பகுதிகளுக்குச் செல்லவேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் செய்யவேண்டியது கடைசியில் நிற்கிறது. எப்போது முதல், எப்போது வரை என்பது இல்லை. ஏற்கெனவே கடலில் இருப்பவர் என்ன செய்வது என்பதும் இல்லை. இதனையே பலகையில் இப்படி எழுதலாம்:

‘கடலுக்குப் போகவேண்டாம். செவ்வாய் காலை முதல் புதன் இரவு வரை. பலத்த காற்று வரும். கடலில் இருப்போர் இன்று, திங்கள், மாலை 5 மணிக்குள் கரை சேரவும். வள்ளங்களை மேட்டில் ஏற்றிக் கட்டவும். எழுதியது: திங்கள் காலை 8 மணி. அடுத்த செய்தி: பகல் 12 மணி.’

முதல் வரியே கட்டளையாக இருப்பதைக் கவனிக்க. ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்களைக் கிழமையின்றி எழுதுவது ஆபத்தானது. நேற்று எழுதிய ‘நாளை’ அழிக்கப்படாமல் இருந்தால் அது பொய்யாகிவிடும். காற்றின் திசையைக் குறிக்க நேர்ந்தால் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்னும் கடலோடிகளின் பெயர்களையும் சேர்த்து எழுதுக. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் மீன் கிடைக்கக்கூடிய இடங்களைத் திசை, தூரம், ஆழம் ஆகியவற்றோடு அறிவித்து வருகிறது. ஆழம் மீட்டரில் வந்தால், அருகே ‘பாகம்’ கணக்கையும் எழுதலாம். 20 மீட்டர் என்பது சுமார் 11 பாகம். இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.

எழுத்தின் அளவுக்குப் பலகை எழுதுவோரிடையே ஒரு பொதுக்கணக்கு உண்டு: படிப்பவர் 10 அடி தள்ளி நிற்பாரானால் எழுத்து 1 அங்குல உயரம். நாற்பது அடிக்கு அப்பால் சாலையில் மீன்கூடையுடன் நடப்பவர் படிக்கவேண்டுமாயின் 4 அங்குலம் தேவை. சுழிகள் மிகுந்த தமிழெழுத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைப்பது நலம். வானிலைத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறங்களால் எச்சரிக்கிறது. அதனைப் பலகையிலும் காட்டலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பலாகாது. ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவை. அன்றியும் உப்புக்காற்றும் வெயிலும் எந்தச் சிவப்பையும் வெளிறச் செய்துவிடும்.

பலகையால் ஆகாத காரியமும் உண்டு. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே ஒக்கிப் புயலாகிக் குமரிக்கடலில் வீசியது. அப்போது பல படகுகள் பல நாள் தொழிலுக்காக ஆழ்கடலுக்குச் சென்றிருந்தன. கரையில் எழுதியதும் கைப்பேசிக்கு அனுப்பியதும் அவர்களை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் பல குடும்பங்கள் தம் ஆடவரை இழந்தன. பின்னர், 2019-இல், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்னும் கருவி அறிமுகமாயிற்று. அதுவும் செய்தியைப் பெற்றுத் தருமேயன்றிப் படகிலிருந்து பதில் அனுப்பாது. கயிறு நீண்டிருக்கிறது, சுண்டுதல் மட்டும் மேலே வருவதில்லை.

ஆதலின் பலகையோடு ஒரு பதிவேடும் வேண்டும். எந்த வள்ளம், எத்தனை பேர், எந்தத் திசை, எப்போது திரும்புவர் என்ற நான்கே பத்திகள் போதும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் அனுமதிச் சீட்டு முறை இருக்கிறது. தருவைக்குளம், புன்னக்காயல், மணப்பாடு போன்ற ஊர்களின் கரையிலிருந்து விடியுமுன் புறப்படும் சிறு வள்ளங்களுக்குத்தான் இப்பதிவு பெரிதும் தேவை. இதனை எழுதக் கரையில் இருக்கும் பெண்களே தகுந்தவர்கள்; யார் வரவில்லை என்பதை முதலில் அறிபவர்கள் அவர்கள்தாம்.

படிக்கத் தெரியாதவருக்குக் குரல் வேண்டும். புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவிக்கும் பழக்கம் இருந்தது. அப்பக்கத்து நல்லவாடு கிராமத்தில் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் கேட்டு மக்கள் கரையைவிட்டு ஓடித் தப்பினர். அறிவிப்பைக் கேட்டுப் பழகிய செவிகள் அங்கே இருந்தன. நம் ஊர்களில் ஆலயத்து ஒலிபெருக்கியைப் பங்குத்தந்தையின் இசைவோடு இதற்குப் பயன்படுத்தலாம். பலகையில் உள்ள அதே சொற்களையே அதிலும் படிக்கவேண்டும்.

காற்று தணிந்தபின், ‘அபாயம் நீங்கியது’ என்று நேரத்தோடு எழுதவேண்டும். பழைய எச்சரிக்கை வாரக்கணக்கில் தொங்கினால் அடுத்த எச்சரிக்கையை ஒருவரும் ஏறெடுத்துப் பாரார். ஆனால் பதிவேட்டிலுள்ள கடைசி வள்ளம் கரைசேர்ந்து அதன் பெயருக்கு நேரே குறி இடப்படும்வரை பலகையை அழிக்கலாகாது.